ஆறு கோழிக்கு ஏழு சாண் கட்டை

நான் அக்காவை முதன்முதலில் பார்த்தபோது அவர் குழந்தைகளின் சறுக்குமரத்தில் பாதி வழியில் சிக்கிக் கிடந்தார்.

நார்வேயில், ரொம்சோஸ் குடியிருப்பில் நான் குடிவந்த இரண்டாம் நாள் அது. ஜனவரி மாதம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, மஞ்சள் நிற வேலை ஜாக்கெட்டும் இடுப்பில் ஒரு கொத்துச் சாவியுமாகக் கால்களை நீட்டிக்கொண்டு சறுக்குமரத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். கீழே ஐந்தாறு குழந்தைகள் தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள். நாமக்கல்லில் இருக்கும் அம்மாவோடு ஃபோனில் பேசிக்கொண்டே போன நான், பேச்சை அப்படியே விட்டுவிட்டு உதவிக்கு ஓடினேன். என் தமிழைக் கேட்டிருப்பார் போல. "ஓடி வராதேயும் தங்கச்சி, வழுக்கும். இதிலை ஐஸ் கட்டியாக் கிடக்கு. பிள்ளையள் வந்தால் மூக்கு உடையும்" என்றார். பிறகு பாக்கெட்டிலிருந்து ஒரு சுரண்டியை எடுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே சுரண்ட ஆரம்பித்தார்.

அந்தக் குடியிருப்புக்கு அவர்தான் வக்த்மெஸ்டர். பனி வழிப்பது, விளக்கு மாற்றுவது, லிஃப்ட் நின்றால் ஆளைக் கூப்பிடுவது, யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் முதலில் போய் நிற்பது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். யாழ்ப்பாணத்துக்காரர், இந்த ஊருக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், அச்சுக்குப் போகும் முன் தான் ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும் என்பார். அதன் பிறகு இது வெளியே வராது.

ஏனென்றால் அதுதான் அவர் சுபாவம். எதுவாக இருந்தாலும், மற்றவர்கள் பயன்படுத்தும் முன் அதைத் தன் உடம்பில் வைத்துப் பார்க்காமல் விடமாட்டார். ஒரு தடவை முற்றத்தில் புது பெஞ்சுகள் போட்டார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்று வயதானவர்கள் முறையிட்டார்கள். போட்ட நிறுவனத்திலிருந்து ஆள் வந்து அளந்து பார்த்து, எல்லாம் விதிப்படி சரியாக இருக்கிறது என்று போய்விட்டார். அக்கா பத்துக் கிலோ அரிசி மூட்டையை வயிற்றில் கட்டிக்கொண்டார். முழங்கால் மடங்காதபடி துணியைச் சுற்றி இறுக்கிக்கொண்டார். அப்படியே இருபது தடவை உட்கார்ந்து எழுந்தார். எல்லா ஜன்னல்களிலும் முகங்கள். பெஞ்சு இரண்டு விரற்கடை தாழ்வு என்பது அவர் தீர்ப்பு. மறுநாள் காலுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்திவிட்டார்.

சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் வாசல் சரிவைப் பற்றிக் குறை சொன்னபோது, அதே மாதிரி நாற்காலி ஒன்றை இரவல் வாங்கி ஒரு சனி, ஞாயிறு முழுக்க அதிலேயே சுற்றினார். ஞாயிறு மாலைக்குள் வாசல் சரிவோடு பஸ் ஓட்டுநரையும் திருத்திவிட்டார். அவர் கணவர் சாதுவான மனிதர். வீட்டுக்கு ஒரு சோபா வாங்க மூன்று மாதம் கடை கடையாக அலைந்தார்களாம். "என்னை மட்டும் எப்பிடிப் பாக்காமல் கட்டினாவோ தெரியாது" என்பார்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது ஒரு கல்யாணம். நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை மண்டபத்துக்குள் வருவதற்கு அரை மணி நேரம் இருக்கும்போது அக்கா மணவறையில் ஏறி, மாப்பிள்ளை உட்காரும் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பட்டுச் சேலையோடு இப்படியும் அப்படியும் ஆடிப் பார்த்தார். பெண்ணின் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நல்ல நேரத்தில் இதென்ன அபசகுனம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அக்கா எழுந்து, ஆடிய மணையின் காலுக்கு அடியில் அழைப்பிதழ் ஒன்றை நாலாக மடித்து வைத்து, "பெடியன் விழுந்தால்தான் அபசகுனம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அந்தத் தம்பதி நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

என்னை அவர் "நீர்" என்றுதான் கூப்பிடுவார். நாமக்கல் காதுக்கு அது மேடை நாடகத்தில் ராஜா பேசுவது போல இருக்கும். முதல் இரண்டு நாள் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். பிறகு, அப்படிக் கூப்பிடாவிட்டால் என்னவோ போலிருக்கும் என்கிற அளவுக்குப் பழகிவிட்டது.

கோழிகள் வந்தது நான் குடிவந்த இரண்டாவது வருடம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டார்கள் சேர்ந்து கேட்டதால், நிர்வாகக் குழு ஆறு முட்டைக் கோழிகளுக்கு அனுமதி கொடுத்தது. பழைய சைக்கிள் கொட்டகை கோழி வீடாயிற்று. பொறுப்பு, வேறு யாருக்கு, அக்காவுக்கு. அவர் என் வீட்டுக் கதவைத் தட்டி, கோழி ராத்திரி ஏறி உட்காரக் கட்டை எப்படி அமைப்பது என்று கேட்டார். தன் ஊரில் கோழிகள் தாமாகவே மரத்தில் ஏறிவிடும், யாரும் கட்டை அடித்ததில்லை என்றார். நான் நாமக்கல், முட்டைக்குப் பேர் போன ஊர். அப்பா பன்னிரண்டாயிரம் கோழி வைத்திருப்பதாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவளும் நான்தான். என்னைக் கேட்காமல் யாரைக் கேட்பார்?

உண்மை என்னவென்றால், கோழி கட்டையில் உட்கார்ந்து தூங்குவதை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. எங்கள் பண்ணையில் கட்டையே கிடையாது. கம்பிக் கூண்டுதான். நாலு கோழிக்கு ஒரு கூண்டு, கம்பித் தரை, முட்டை தானாக உருண்டு முன்னால் வந்துவிடும். இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பத்திரண்டு வயதில், மென்பொருள் வேலையில் இருக்கும் ஒருத்திக்கு, தெரியாது என்ற சொல் அவ்வளவு எளிதாக வாயில் வருவதில்லை. அன்று மாலையே லேப்டாப்பில் ஒரு படம் வரைந்தேன். ஏணி மாதிரி மூன்று படி, மேல் படி என் தோள் உயரம், துணி மாட்டும் உருண்டைக் கழிகள். பறவை என்றால் உயரம் பிடிக்கும் என்பது என் கணக்கு. பார்க்க லட்சணமாகவே இருந்தது.

அடித்து முடித்ததும் அக்கா வழக்கம் போலத் தான் ஏறிப் பார்க்கிறேன் என்றார். அந்தக் கழி அவரைத் தாங்காது. நான் தடுத்து, "எங்க ஊர்ல எல்லாம் இப்படித்தாங்கா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து, சரி என்று கையை எடுத்துவிட்டார். எனக்குத் தெரிந்து, அவர் உட்கார்ந்து பார்க்காமல் விட்ட ஒரே பொருள் அதுதான். என் வார்த்தையை நம்பி விட்டார்.

மேல் படிக்குப் பெரிய சண்டை நடந்தது. ஆறு பேருக்கும் அதுதான் வேண்டும். பெரிய பழுப்புக் கோழி ஒன்று நடுவில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களைக் கொத்தித் தள்ளும். எல்லோருக்கும் இளைத்தது சாம்பல் நிறக் கோழி. அக்கா அதற்குச் சாம்பலி என்று பெயர் வைத்திருந்தார். நவம்பர் கடைசியில் ஒரு நாள் காலை சாம்பலி எழுந்திருக்கவில்லை. மூலையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். மிருக வைத்தியர் வந்து நெஞ்சைத் தடவிப் பார்த்து, நெஞ்செலும்பில் விரிசல் விட்டிருக்கிறது என்றார். உயரத்திலிருந்து விழுந்திருக்க வேண்டும், அல்லது இறங்கும்போது தீவனத் தொட்டியில் மோதியிருக்க வேண்டும். கொஞ்ச நாள் பார்க்கலாம். ஆனால் குளிர் ஏறுகிறது, தரையில் தனியாகக் கிடந்தால் தாங்காது, மற்றவர்களோடு ஒட்டி உட்கார முடியாமல் போனால் ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைத்துவிடுவதே கருணை என்றார். ஏணியைப் பார்த்து, இதை யார் செய்தது என்று கேட்டார். "நாங்கள்தான்" என்று அக்கா நார்வேஜிய மொழியில் சொன்னார். நான் பக்கத்தில் நின்று பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அக்கா குப்பைக் கொட்டகையின் கூரை மேல் ஏறினார். கோழியின் உயரம் எவ்வளவு, மேல் படியின் உயரம் எவ்வளவு, அப்படியானால் மனுசருக்கு எவ்வளவு என்று துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டிருந்தார். கணக்குப்படி இரண்டாம் மாடியிலிருந்து குதிக்க வேண்டும். கணவர் கையெடுத்துக் கும்பிட்டதால் குப்பைக் கொட்டகைக்கு இறங்கி வந்தார். கீழே அவரே வழித்துக் குவித்த பனி மலை. அந்தச் சின்ன வீட்டுக்குள் கோழி சிறகை விரிக்க இடமில்லை, ஆகவே தனக்கும் கை கிடையாது என்று இரண்டு கைகளையும் ஜாக்கெட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். கீழே தாத்தாமார், தள்ளுவண்டிக் குழந்தைகள், சோமாலியப் பெண்மணி ஒருவர், எல்லோரும் கூடிவிட்டார்கள். யாரும் தடுக்கவில்லை. வக்த்மெஸ்டர் எதையோ பரிசோதிக்கிறார் என்றால் ரொம்சோஸில் அது அன்றாட நிகழ்ச்சி.

குதித்துவிட்டார். கொஞ்ச நேரத்துக்கு மஞ்சள் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. பிறகு பனிக்குள்ளிருந்து குரல் வந்தது: "தங்கச்சி, நெஞ்சிலைதான் அடிக்குது."

சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரைக் கைபிடித்து இழுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். எனக்குக் கட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது, எங்கள் ஊரில் கூண்டுதான், வாய்க்கு வந்ததைச் சொன்னேன், சாம்பலியின் எலும்பு என்னால்தான் போயிற்று என்றேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிப் பனியைத் தட்டினார். ஒன்றைத் தட்டி முடித்து, மற்றதையும் தட்டி முடித்தார்.

"அப்ப உங்கடை கோழியள் எங்கை நித்திரை கொள்ளுறது?"

"நின்ன இடத்துலயேதாங்கா."

அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். அடுத்த இரண்டு நாள் என்னை "நீங்கள்" என்று கூப்பிட்டார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மூன்றாம் நாள் பிற்பகல் அவரே கதவைத் தட்டி, "வாரும், பாப்பம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. டிசம்பரில் ரொம்சோஸில் மூன்று மணிக்கெல்லாம் வெளிச்சம் மங்கத் தொடங்கிவிடும்; கோழிகளுக்கு அதுதான் படுக்கை நேரம். நாங்கள் இரண்டு பேரும் கவிழ்த்துப் போட்ட வாளிகளில் கோழி வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தோம். ஐந்து நாள் பார்த்தோம். அக்கா கோழிகளை "ஆக்கள்" என்றுதான் சொல்வார். ஆக்களுக்கு உயரம் வேண்டும், ஆனால் பக்கத்தில் ஒருத்தர் தன்னைவிட உயரமாக இருப்பதைப் பொறுக்க மாட்டார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டங்களை வைத்து இதை அவர் விளக்கியதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அப்புறம் விரல்கள். உருண்டைக் கழியைக் கோழி சுற்றிப் பிடிக்கிறது. விரல் நுனி வெளியே நீட்டிக்கொண்டு குளிரில் நிற்கிறது. அக்கா கையுறையைக் கழற்றி ஒரு கழியை இறுகப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றார். பிறகு உள்ளங்கையைத் தட்டையாக ஒரு பலகையில் வைத்து, இன்னொரு கையால் மூடிக்கொண்டு நின்றார். முதல் கை விறைத்துச் சிவந்துவிட்டது. இரண்டாவது சூடாக இருந்தது. பலகை என்றால் கோழி பாதத்தைத் தட்டையாக வைத்து, வயிற்று இறகை அதன் மேல் இறக்கிப் போர்வை மாதிரி மூடிக்கொள்ளும்.

புதுக் கட்டையை அவரே செய்தார். நாலு விரல் அகலம், ஓரங்கள் இழைத்து மழுக்கியது. ஒரே நீளம், ஒரே உயரம், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. வால் இடிக்காமல் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. முட்டையிடும் பெட்டிகள் அதற்கும் கீழே. இல்லாவிட்டால் ஆக்கள் பெட்டியிலேயே படுத்துக்கொள்வார்கள். ஏறி இறங்க ஒரு சரிவுப் பலகை, கீழே கெட்டியாக வைக்கோல். ஒரு கோழிக்கு ஒரு சாண் வீதம் ஆறு சாண் போதும். அவர் ஏழு சாண் வெட்டினார். எதற்கு என்று கேட்டேன்.

"ஆருக்காவது கோவம் வந்தால் தள்ளி இருக்க ஒரு இடம் வேணுமல்லே" என்றார்.

அடித்து முடித்ததும் ஏறி உட்கார்ந்தார். நான் தடுக்கவில்லை, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தாங்கியது.

இனி எல்லாம் சாம்பலி கையில், காலில் என்றுதான் சொல்ல வேண்டும். எலும்பு ஆற வேறு ஏதாவது வழி உண்டா என்று உம்முடைய அப்பாவைக் கேட்போம் என்றார் அக்கா. அப்பா என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும். கோழி வீட்டுக்குள்ளிருந்தே வீடியோவில் கூப்பிட்டோம். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். அப்பா தட்டோடு உட்கார்ந்திருந்தார். விவரம் கேட்டுவிட்டு, "அது தேறாதுங்கம்மா. நாங்களா இருந்தா கழிச்சு விட்ருவோம்" என்றார். கோபமோ இரக்கமோ இல்லாமல், மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னார்.

அக்கா எதிர்த்துப் பேசவில்லை. ஐயா சாப்பிட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் பாருங்கள் என்று ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்தார். வெளிச்சம் மங்கியது. பழுப்புக் கோழி முதலில் ஏறியது. அடுத்தது ஏறி அதன் பக்கத்தில் நெருக்கியது. ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, இடம் மாறி உட்கார்ந்து, மறுபடி மாறி, ஐந்தும் ஒரு வரிசையாயின. பாதங்கள் இறகுக்குள் மறைந்தன. சாம்பலி சரிவுப் பலகையில் இரண்டடி வைத்து நின்றுவிட்டாள். அக்கா அவளைத் தூக்கி நடுவில் வைத்தார்.

"தள்ளு, தள்ளு, எடம் வுடு" என்று நாமக்கல்லிலிருந்து குரல் வந்தது. அப்பா தட்டைக் கீழே வைத்திருந்தார். பழுப்புக் கோழி ஒரு தடவை கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்தது.

கோழிகள் அடங்கும் வரை அப்பா தட்டைத் திரும்ப எடுக்கவில்லை. பிறகு, "முப்பது வருசமா வெச்சிருக்கறனுங்கம்மா. லைட்ட அணைச்சுட்டு வந்துருவோம். அப்புறம் அதுங்க என்ன பண்ணுதுன்னு பாத்ததே இல்லீங்க" என்றார்.

மறுநாள் அதே நேரத்துக்கு அவரே கூப்பிட்டார். என்னை அல்ல, அக்காவை. ஏறிவிட்டதா என்று கேட்டார். இல்லை, இன்றைக்கும் தூக்கித்தான் வைத்தேன் என்றார் அக்கா. அதற்கு மறுநாளும் கூப்பிட்டார். பெற்ற மகளை வாரம் ஒரு தடவை விசாரிக்கும் மனிதர், ஒரு சாம்பல் கோழியைத் தினமும் விசாரித்தார். பதினோராம் நாள் சாம்பலி தானாக ஏறினாள். பாதியில் நின்று மூச்சு வாங்கி, மீதியை ஓடியே ஏறி, ஒதுக்குப்புறமாக இருந்த ஏழாவது சாணில் போய் உட்கார்ந்தாள். அக்கா ஃபோனில் சொன்னபோது அந்தப் பக்கம் அம்மா, என்னவோ ஏதோ என்று பதறி ஓடிவந்தாராம். அப்பா அவ்வளவு சத்தமாகச் சிரித்திருக்கிறார்.

அக்கா இப்போது ரொம்சோஸில் இல்லை. மகளுக்குக் குழந்தை பிறந்ததும் கணவரோடு நார்வேயின் மேற்குக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். தொட்டிலில் அவர் ஏறிப் படுத்துப் பார்த்தாரா என்று மகளிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். நானும் வீடு மாறி, நகரத்தின் இன்னொரு மூலையில் இருக்கும் ஹொல்ம்லியாவுக்கு வந்துவிட்டேன். அவரிடம் எப்போதாவதுதான் பேசுகிறேன். அப்பா என்னைவிட அதிகம் பேசுகிறார்.

போன வருடம், முட்டை ஓய்ந்த கோழிகளை லாரியில் ஏற்றியபோது அப்பா ஐந்தை மட்டும் நிறுத்திக்கொண்டார். தீவனக் கொட்டகையை ஒதுக்கி, நாலு விரல் அகலத்தில் ஓரம் மழுக்கிய கட்டை ஒன்றை அடித்தார். ஆனால் கோழிகள் ஏறவில்லை. கூண்டிலேயே வளர்ந்தவை; கட்டை எதற்கு என்றே அவற்றுக்குத் தெரியவில்லை. சாயங்காலமானால் மூலையில் ஒன்றன் மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு நின்றன. தூக்கி வைத்தால் விழுந்தன. ஒரு வாரம் பார்த்துவிட்டு, மனம் நொந்துபோய் அக்காவுக்கு ஃபோன் செய்திருக்கிறார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் திருப்பிக் கேட்டாராம்:

"ஐயா, அந்தக் கட்டையிலை நீங்கள் ஒருக்கா இருந்து பாத்தனீங்களே?"

அப்பா இல்லை என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு நாலைந்து நாள் யாருக்கும் ஃபோன் இல்லை. எனக்குக் கொஞ்சம் கவலையாகக்கூட இருந்தது. ஒரு நாள் பிற்பகல், நான் அலுவலகத்தில் இருக்கும்போது அம்மா ஒரு படம் அனுப்பினார். தீவனக் கொட்டகை, மங்கின வெளிச்சம். மூட்டு வலிக்கு மருந்து சாப்பிடும் எங்கள் அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு, முழங்கால் உயரக் கட்டையில் குந்தியிருக்கிறார். அவருக்கு ஒரு சாண் தள்ளி, கூண்டுக் கம்பியில் உரசிக் கழுத்தில் இறகு தேய்ந்துபோன ஒரு வெள்ளைக் கோழி, பாதத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

படத்துக்குக் கீழே அம்மா எழுதியிருந்தார்: "ரெண்டு பேரும் எறங்க மாட்டேங்கறாங்க கண்ணு."